டேங்குக்கு ரெண்டு மூடி

24.01.2025, வெள்ளி

இருக்கிற சட்டைகளில் புதியது எது என்று பார்த்து மாட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த குற்றம்.

ஜெனிஃபர் படிக்கிற வேளாண்மை டிப்ளமோ கல்லூரியில் இன்று கண்காட்சி. பெற்றோர் கட்டாயம் வர வேண்டுமாம். பொங்கலுக்குப் பூச்சி மருந்துக் கம்பெனிக்காரன் எங்கள் கடைக்குக் கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. நெஞ்சில் சின்னதாக ஒரு பாட்டில் படம். முதுகு முழுக்க ஒரு புழு மல்லாந்து செத்துக் கிடக்கும். அதன் கீழே ‘ஒரே அடி!’ என்று சிவப்பெழுத்து. கல்லூரி வாசலில் பேனர்: ‘நஞ்சில்லா உணவு நம் உரிமை’. என் முதுகை நான் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொரு மேசையாகக் குனிந்து குனிந்து வேப்பங்கொட்டைக் கரைசலை ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஊரே என்னை ரசித்துக்கொண்டிருந்தது.

ஜெனிஃபர் ஓடி வந்து தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினாள். “வேற சட்டையே கெடைக்கலையாப்பா உனக்கு?” வீட்டில் நைனா, கல்லூரியில் அப்பா. கோட்டுப் போட்ட அடுத்த நிமிஷம் ஓர் அம்மாள் வந்து, “சார், வூட்டு முருங்கையில கம்பளிப்பூச்சியா கீது, இன்னா பண்ணலாம்?” என்று கேட்டாள். இருபது வருஷப் பழக்கம். மருந்தின் பெயர், அளவு, எங்கள் கடை இருக்கிற இடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஹேமாவதி மேடம், ஜெனிஃபரின் ப்ராஜெக்ட்டுக்கு அவர்தான் வழிகாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இந்த டைரியும் அதே கம்பெனி கொடுத்ததுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு பூச்சி. இன்றைக்குப் புகையான். பயிரைக் கருக்கிவிட்டுப் போகிற பூச்சி. மானம் கருகிய நாளுக்குப் பொருத்தம்தான்.

27.01.2025, திங்கள்

ஜெனிஃபரின் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. ‘நாளை நீ பார்க்கப்போகும் வேலையில் உள்ள ஓர் அறச்சிக்கலை எடுத்து ஆராய்ந்து எழுது.’ இதுதான் கல்லூரி கொடுத்தது. அறச்சிக்கல் என்றால் என்ன என்று கேட்டேன். “எத்த செஞ்சாலும் ஒரு பக்கம் தப்பா பூடும் நைனா, அந்த மாரி.” கல்யாணம் மாதிரியா என்றேன். அம்முலு அடுப்படியிலிருந்து கரண்டியைத் தட்டினாள்.

ஜெனிஃபர் எடுத்திருக்கும் கேள்வி இது: பூச்சி மருந்தை வாங்குகிறவர் நிலத்துக்காரர். டேங்கை முதுகில் மாட்டி அடிக்கிறவர் கூலிக்காரர். அளவையும் ஆபத்தையும் கடைக்காரர் யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்?

“இதுல இன்னா சிக்கல் கீது? துட்டு குடுக்கிறவன்கிட்ட சொன்னா போதும்” என்றேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் எழுதிக்கொள்வது இதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. மடையன்.

30.01.2025, வியாழன்

மூன்று நாளாக ஜெனிஃபர் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வேதாசலம் மொதலாளி, “படிக்கிற பொண்ணு, உக்காரட்டும்” என்று விட்டுவிட்டார். நானும் என் வித்தையை எல்லாம் காட்டினேன். நிலத்துக்காரர்கள் நோயடித்த நெல் இலையைப் பிடுங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை முகர்வேன். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. முகராவிட்டால் வந்தவருக்குத் திருப்தி இல்லை. அப்புறம் பாட்டிலை எடுத்து வைத்து, “டேங்குக்கு ரெண்டு மூடி” என்பேன். அவ்வளவுதான் வைத்தியம். பத்தாவதில் கணக்குப் பாடத்தை இரண்டாம் தடவையில் தாண்டிய எனக்கு இந்த வட்டாரத்தில் ‘டாக்டர்’ என்று பெயர்.

மாகறல் கன்னியப்பன் இன்று இலையோடு வந்தார். “டாக்டரே, சீக்கிரம் சொல்லு. ஆளு வரப்புல நின்னுகினு கீறான்.”

ஜெனிஃபர் குறுக்கே புகுந்தாள். “அந்த ஆளுக்கு யாரு சார் அளவு சொல்லுவாங்க?”

“நான்தாம்மா. ரெண்டு மூடி. இதுல இன்னா, ராக்கெட்டா வுடறோம்?”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாக.

சாயங்காலம் நோட்டைக் காட்டினாள். மூன்று நாளில் ‘ரெண்டு மூடி’ என்று அறுபத்தெட்டு தடவை சொல்லியிருக்கிறேன். எந்தப் பாட்டிலாக இருந்தாலும்.

02.02.2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஜெனிஃபர் கல்லூரியிலிருந்து எடுத்து வந்த கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்தாள். பக்கவாட்டில் கோடு கோடாக மில்லி அளவு. கடையில் கிடந்த காலிப் பாட்டில்களின் மூடிகளை என்னை எடுத்துவரச் சொல்லியிருந்தாள். எட்டு மூடி. கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பி அளந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன், ஏதோ விளையாட்டு மாதிரி.

ஒரு மூடி ஐந்து மில்லி. ஒன்று பன்னிரண்டு. ஒன்று முப்பது. எங்கள் கடையில் அதிகம் போகிற பச்சைப் பாட்டிலுக்கு மட்டும் இரண்டு மூடி இருந்தது, பழைய பாட்டிலுடையது ஒன்று, புதியது ஒன்று. பழையது பத்து மில்லி. புதியது இருபத்தைந்து. பாட்டிலை அழகாக்குகிறேன் என்று கம்பெனிக்காரன் மூடியையும் பெரிசாக்கிவிட்டான். டேங்குக்கு இருபது மில்லி என்று பாட்டில் மேல் பொடி எழுத்தில் அன்றும் போட்டிருந்தது, இன்றும் போட்டிருக்கிறது. பழைய பாட்டிலுக்கு ரெண்டு மூடி சரி. புதியதற்கு ரெண்டு மூடி என்றால் ஐம்பது மில்லி. பாட்டில் மாறியது, என் வாய் மாறவில்லை.

“புது பாட்டில் எப்ப நைனா வந்துச்சு?”

“ஞாபகம் இல்லம்மா.”

03.02.2025, திங்கள்

ஞாபகம் இருக்கிறது.

09.02.2025, ஞாயிறு

ஜெனிஃபர் தலைக்குக் குளிக்கப் போயிருந்தபோது மேசை மேல் இருந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

‘விற்பனையாளர் அ. வயது 47. கல்வி: பத்தாம் வகுப்பு. முறையான பயிற்சி பெறாதவர். பாட்டிலில் உள்ள குறிப்பை வாசிக்கும் வழக்கம் இல்லாதவர். எல்லா மருந்துக்கும் ஒரே அளவைச் சொல்கிறார். இலையை முகர்ந்து பார்ப்பது வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவதற்கான உத்தி.’

உத்தியாம்! உத்தி!

முகர்ந்தால் ஒன்றும் தெரியாது என்று நான்தான் சொன்னேன். சிரிப்பதற்காகச் சொன்னேன். பெற்ற பெண் என்று நம்பிச் சொன்னேன். அதைத் தூக்கி இங்கே வைத்திருக்கிறாள். இந்த ‘அ’ எத்தனை வருஷம் யூரியா மூட்டை தூக்கினான் என்று இதில் இருக்கிறதா? மழையில் நனைந்துகொண்டு இவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது இருக்கிறதா? வந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து இரண்டு வார்த்தை பேசி அனுப்புவானே, அது? ஒன்றும் கிடையாது. பயிற்சி பெறாதவர், வாசிக்காதவர். ஒன்றாம் வகுப்பில் ஸ்லேட்டில் ‘அ’ போட்டுப் பழகியது இதற்குத்தானா?

ஈரத் தலையோடு வந்தாள். கேட்டுவிட்டேன்.

“இன்னாடி இது? பெத்தவன எழுதி மார்க்கு வாங்கப் போறியா?”

“பேரு போடல நைனா.”

“உத்திரமேரூர்ல இலைய மோந்து பாக்கறவன் எத்தினி பேரு கீறான்? அத்த போட்டா பேரே வாணாம்!”

“நீ பண்றதத்தான எழுதிகீறேன். பொய்யா எழுதிகீறேன்?”

பதில் இல்லாதபோது சத்தம் நன்றாக வருகிறது. தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

10.02.2025, திங்கள்

காலையில் நாஷ்டா தட்டுப் பக்கத்தில் ஒரு தாள். ‘ஒப்புதல் படிவம்’. பேட்டி கொடுத்தவர் ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“நீ போடலன்னா உன் பகுதி மொத்தமும் எடுத்துடணும் நைனா. அது ரூலு.”

“எடுத்துடு.”

“அப்ப மூடி கணக்கும் பூடும். கடையில நீ சொன்ன அளவு இல்லாம அதுக்கு அர்த்தமே இல்ல.”

“போவட்டும்.”

“மார்ச் ஏழாம் தேதி கடைசி நாளு.”

“நான் செத்தாலும் போட மாட்டேன், போ.”

இட்லி நன்றாக இருந்தது. கோபத்தில் ஏழு தின்றுவிட்டேன்.

12.02.2025, புதன்

இன்று கன்னியப்பன் இலை இல்லாமல் வந்தார். வம்பு என்று அப்போதே தெரிந்தது. நேராக மொதலாளியிடம் போனார். ஜெனிஃபர் மாகறலுக்குப் போய் மருந்து அடிக்கிற ஆட்களைப் பேட்டி எடுத்திருக்கிறாள். பாண்டியனையும்.

பாண்டியன் என் மச்சான், அம்முலுவின் தம்பி. 2023 ஜூனில் கன்னியப்பன் நிலத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு வரப்பில் விழுந்தான். அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் அவன் டேங்க் மாட்டவில்லை.

“வெறும் வயித்துல அடிச்சான், வுயுந்தான்” என்றார் கன்னியப்பன். “அதுக்கு நானா பொறுப்பு? இப்ப வந்து ஒரு பொண்ணு நோட்டு வெச்சுகினு கேக்குது.”

ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தவரா இவர்? ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வந்து, அதிலும் இரண்டைத் தானே உரித்துத் தின்றுவிட்டுப் போனவர். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மொதலாளி என் பக்கம் திரும்பினார்.

“இன்னாய்யா தாஸு, நம்ம கடைக்குப் பூட்டு வாங்கிக் குடுக்கத்தான் பொண்ண படிக்க வெச்சியா?”

“பரீட்சைக்கு எழுதறா மொதலாளி.”

“கையெழுத்து கேப்பாங்களே. போட்டுட்டியா?”

“இல்ல.”

“போடாத. போட்டின்னா கவுன்ட்டர் பக்கம் உனக்கு வேல இல்ல.”

இருபது வருஷத்தில் ஒரு நாளும் இந்த ஆள் ஒரு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. ஆனால் நான் பத்தாவது. அவர் பி.காம்.

13.02.2025, வியாழன்

கையெழுத்துப் போடக் கூடாது என்று நானாக எடுத்த முடிவு. இப்போது மொதலாளி சொன்னதற்காகப் போடாமல் இருக்கிறான் என்று ஆகிவிட்டது. அதுதான் பற்றிக்கொண்டு எரிகிறது.

16.02.2025, ஞாயிறு

பாண்டியன் மத்தியானம் சாப்பிட வந்தான். அம்முலு அவனுக்கு மட்டும் பாதி டம்ளர் டீ ஊற்றினாள். முழுசாக ஊற்றினால் சிந்திவிடும். இரண்டு வருஷமாக இப்படித்தான் ஊற்றுகிறாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றுதான் அது கண்ணில் பட்டது.

அவன் போனதும் அம்முலு ஆரம்பித்தாள்.

“ஆஸ்பத்திரில டாக்டரு எவ்ளோ கலந்தான்னு கேட்டப்ப நீதான சொன்ன, வயக்கமான அளவுதான்னு?”

“ஆமா.”

“இப்ப ஜெனி சொல்லுது, வயக்கமான அளவே தப்பாம்.”

“அவ சொன்னா வேதமா? நான் இன்னா வேணும்னா சொன்னேன்? கம்பெனிக்காரன் மூடிய மாத்தினா என்னய கேட்டா மாத்தினான்? எல்லாரும் என் தலைமேலயே ஏறுங்க!”

தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டேன். செருப்புப் போடாமல் போனதால் தெருமுனைத் தார் ரோடு வரைக்கும்தான் கோபம் தாங்கியது. கால் பொசுங்கித் திரும்பி வந்தேன். மற்ற நாளாக இருந்தால் அம்முலு சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை.

20.02.2025, வியாழன்

என் மூளை வேலை செய்த நாள். குழந்தைகளுக்கு வாங்கும் இருமல் டானிக்கோடு சின்ன பிளாஸ்டிக் கப் வருமே, மில்லிக் கோடு போட்டு? மெடிக்கல்காரரிடம் கெஞ்சி ஒரு பை நிறைய வாங்கிவந்து, மருந்துப் பாட்டிலோடு ஆளுக்கொன்று கொடுத்தேன். “மூடி கணக்கு வாணாம், இந்தக் கோடு வரைக்கும் ஊத்து.” பதினேழு பேருக்குக் கொடுத்துவிட்டேன். டாக்டர் என்றால் சும்மாவா? மத்தியானம் சாப்பிட வந்தபோது மார்பை நிமிர்த்திக்கொண்டு ஜெனிஃபரிடம் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “நைனா! அத்த வூட்ல வெச்சுட்டு, அப்பால யாராச்சும் அதே கப்புல புள்ளைக்கு டானிக் ஊத்திக் குட்த்தா?”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பொழுது சாயும்வரை ஊர் ஊராகச் சுற்றிப் பதினேழையும் திரும்ப வாங்கினேன். ஒருவர் கேட்டார்: “ஒரு கப்ப குட்த்துட்டு புடுங்கறியே, உனக்கே நல்லாகீதா டாக்டரே?”

கம்பெனிக்காரன் டி-ஷர்ட் தருகிறான். தொப்பி தருகிறான். டைரி தருகிறான், பக்கத்துக்குப் பக்கம் பூச்சி படம் போட்டு. பாட்டிலோடு ஓர் அளவுக் கப் தர அவன் கை வராதா? இதை எழுதும்போதுதான் பார்த்தேன். பூச்சிக்குக் கீழே எறும்பு சைஸில் ஒரு வரி இருக்கிறது: ‘அளவு கருவியை மட்டுமே பயன்படுத்தவும்.’ எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. ஒரு மாதமாக அதற்கு மேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசிக்கும் வழக்கம் இல்லாதவர். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், அடங்காப்பிடாரி.

23.02.2025, ஞாயிறு

மாகறல் போனேன். பாண்டியன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். சட்டை இரண்டு சைஸ் பெரிசு. கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“இன்னாடா சொன்ன பொண்ணுகிட்ட?”

“கேட்டுது, சொன்னேன்.”

“இன்னா சொன்ன?”

“நான் யாரையும் அளவு கேக்கல, எந் தப்புதான்னு சொன்னேன்.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் கேட்டைப் பார்த்தான்.

“இன்னா மாமா மொறைக்கிற? ஜெனி எய்திகிச்சு. நானும் கையெழுத்து போட்டு குட்த்துட்டேன், கோணல் மாணலா.”

“ஏண்டா அப்டி சொன்ன?”

“பின்ன எப்டி சொல்றது? அது உன் பொண்ணு.”

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வண்டியை உதைத்தேன். கிளம்பவில்லை. நாலு தடவை, அஞ்சு தடவை, வெறி வந்த மாதிரி உதைத்தேன். பாண்டியன் எழுந்து வந்து, நடுங்குகிற விரலால் சாவியைத் திருப்பிவிட்டான். சாவியைத் திருப்பவே இல்லை நான்.

05.03.2025, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கினேன். அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டேன், மகளைத் திட்டினேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினேன் என்று வரிசையாகச் சொன்னேன். “வேற?” என்றார் சாமியார்.

“அவ்ளோதான் சாமி.”

06.03.2025, வியாழன்

“முடிச்சுட்டேன் நைனா. உன்ன எடுத்துட்டேன். வேணும்னா படிச்சுப் பாரு.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

படித்தேன். விற்பனையாளர் அ இல்லை. இலை முகர்வது இல்லை, மூடி இல்லை, அறுபத்தெட்டு தடவை இல்லை. சுத்தமாகத் துடைத்த தரை மாதிரி இருந்தது. கடைசிப் பக்கத்தில் முடிவு: ‘மருந்து தெளிப்பவர்கள் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் இல்லாததே விபத்துகளுக்கு முக்கியக் காரணமாகத் தெரிகிறது. தெளிப்பாளர் ஆ: “நான் யாரையும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.”’

நான் போனால் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். கம்பெனி இல்லை, கன்னியப்பன் இல்லை, மொதலாளி இல்லை, நான் இல்லை. பாதி டம்ளர் டீ குடிக்கிற அந்தக் கை மட்டும் இருக்கிறது, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு. நல்லா இருக்குடா ஞாயம்! எல்லாரும் வூட்டுக்குப் போங்க, அவன மட்டும் வெயில்ல நிக்க வெச்சுட்டு!

“குடுடி அந்த பாரத்த.”

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரிப் போட்டேன். ஞானதாஸ். முழுப் பெயர்.

அவள் எட்டிப் பார்த்தாள். “தேதி போடற எடத்துல கையெழுத்து போட்டுட்ட நைனா.”

“வேற பாரம் கீதா?”

“மூணு கீது. கிழிச்சாலும் கிழிப்பன்னு எக்ஸ்ட்ரா எடுத்து வெச்சேன்.”

இரண்டாவதில் சரியாகப் போட்டேன். அவள் அம்மாவிடம் ஓடினாள். முடிவுப் பக்கத்தை மாற்றி எழுத வேண்டுமாம். ஆனால் பாண்டியன் சொன்னது அப்படியே இருக்கும். அவன் கையெழுத்துப் போட்டது.

08.03.2025, சனி

மொதலாளியிடம் நானே சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, “கோடவுன்ல ஸ்டாக் பாத்துக்கோ” என்றார். இனி மூட்டை எண்ணுவது. இலை கிடையாது, டாக்டர் கிடையாது. கவுன்ட்டரில் புதுப் பையன். அவன் சொல்வது கோடவுன் வரைக்கும் கேட்கிறது: “டேங்குக்கு ரெண்டு மூடி.”

ஓடிப் போய் அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினேன். “மில்லின்னு சொல்லுடா! மில்லின்னு!” வாங்க வந்தவர் பயந்துவிட்டார்.

14.03.2025, வெள்ளி

ஜெனிஃபருக்கு வாய்மொழித் தேர்வு. வீட்டாரும் உட்காரலாம் என்றார்கள். வெள்ளைச் சட்டை. கிளம்புமுன் முதுகை இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அம்முலு ஒரு பக்கம், பாண்டியன் ஒரு பக்கம். அவனை அம்முலுதான் வரவழைத்தாள்.

வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். ஜெனிஃபர் நின்று பேசினாள். ‘விற்பனையாளர் அ’ என்று வரும்போது என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. மூடிகளை மேசையில் வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி அளந்து காட்டினாள். பழைய மூடி, புது மூடி. பின்வரிசையில் யாரோ “அய்யய்யோ” என்றார்கள். கடைசியில் சொன்னாள்: கடைக்காரர் அடிக்கிறவருக்கும் சொல்ல வேண்டும், அடிக்கிறவரும் கேட்கப் பழக வேண்டும்.

“அவங்க கேக்கறதில்லைன்னு எப்படிச் சொல்றே?” என்றார் தேர்வாளர். “ஒரு ஆளு சொன்னத வெச்சா?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “மருந்துக் கடையில வேல செய்யறவங்க யாராவது வந்திருக்கீங்களா?”

எழுந்தேன். “அந்த ‘அ’ நான்தான் சார்.”

சிரிப்பு. ஹேமாவதி மேடமும். எனக்கு அது பிடித்திருந்தது, வெட்கமில்லாமல்.

“இருபது வருஷத்துல, அடிக்கிற ஆளு ஒருத்தராவது உங்ககிட்ட நேரா அளவு கேட்டிருக்காங்களா?”

பாண்டியன் என் கால்சட்டையை முழங்கால் பக்கம் பிடித்தான். அவன் நடுக்கம் என் காலில் ஏறியது. அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல சார்” என்றேன். “நாங்களும் சொல்லல.”

தேர்வாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வந்ததை எழுதிக்கொண்ட இரண்டாவது ஆள். ஜெனிஃபருக்கு நல்ல மதிப்பெண் என்று மேடம் சொன்னார். வெளியே வந்ததும், அத்தனை பேர் நடுவில், “நைனா!” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கல்லூரியில் முதல் தடவை. பாண்டியன், “சூப்பரா பேசின மாமா” என்றான். அவனை அறைய வேண்டும்போல இருந்தது. என்னை அறைய வேண்டும்போல இருந்தது.

2023 ஜூன் ஆறு, செவ்வாய். கன்னியப்பனின் வண்டி பஞ்சர். அதனால் பாட்டில் வாங்க அடிக்கிற ஆளையே அனுப்பினார். புதுப் பாட்டில் பெட்டியை அன்று காலையில்தான் பிரித்திருந்தேன். அதில் முதல் பாட்டில் அவனுக்குப் போனது. அவன் மூடியைத் திருகி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அப்போது அந்தக் கை நடுங்காது. “மாமா, மூடி பெருசா கீதே. இதுக்கும் ரெண்டுதானா?”

கவுன்ட்டரில் நாலு பேர் இலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். “பெருசா இருந்தா உனக்கு இன்னாடா, நீயா குடிக்கப் போற? ரெண்டுதான், போ” என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் கேட்டான்.